அடித்தல் என்னும் வினை

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட இடத்தைப் பெற்றிருப்பது ‘செட்’ என்னும் சிறு வினைச்சொல்லாகும்; அந்த வியாபகத்தைத் தமிழிலும் காண விரும்பும் ரசிகர், அகராதிகளை நாடாமல், கல்லணைக்கு அண்மையிலுள்ள பூதலூரின் வயல்வெளிக்கு வந்து சற்றே செவிசாய்க்கலாம். கோடையில் வண்டி வண்டியாக எரு அடிப்பார்கள்; 1934இல் மேட்டூர் அணை எழுந்த பின் கல்லணைக் கால்வாய் கொணரும் நீரில் உழுது, சேறு சமமாகும்படி பரம்பு அடிப்பார்கள்; பயிரில் பூச்சி கண்டால் மருந்து அடிப்பார்கள். ஆயினும் இவ்வினையின் பூரண சௌந்தர்யம் களத்திலேதான் பிரகாசிக்கிறது: கதிர்க்கட்டைக் கையால் ஓங்கி அறைந்து மணியுதிர்ப்பது கட்டடித்தல், அதிலும் உதிராது எஞ்சிய நெல்லுக்காக வைக்கோலைப் பரப்பி, மாடுகளைப் பிணைத்து மிதிக்கவிடுவதோ போரடித்தல். பின்னதில் ஓங்கும் கையுமில்லை, விழும் அறையுமில்லை. மந்தகதியில் சுற்றிவரும் குளம்புகள் மட்டுமே உண்டு. அதையும் அடித்தல் என்றே வழங்கிய உழவரின் சொல்லாட்சியை, எந்த வித்வானின் பிரயோகத்துக்கும் இணையாக நான் மதிக்கிறேன். இன்று அறுவடை இயந்திரம் அவ்விரு தொழில்களையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஊரார் மட்டும் ‘மிஷினில் அடித்தாயிற்று’ என்றே பேசுகிறார்கள்.