சனிக்கிழமை எண்ணெயும் ஆய்வு உதவித்தொகையும்

திருமுக்கூடல் பெருமாள் கோயில்ல வீரராசேந்திர சோழன் கல்வெட்டு ஒண்ணு இருக்கு, 11ஆம் நூற்றாண்டு. 15 படுக்கை ஆதுலர்சாலைக்காகத்தான் அதைப் பத்தி எல்லாரும் எழுதறாங்க. மாணவர்களுக்கு நெல், ராத்திரி விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய்னு அளந்து வெட்டியிருக்கிறதைத் தாண்டிப் போயிடறோம். (வேதம், இலக்கணம், ஆகமம் படிச்சவங்களுக்குத்தான். நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடம் ஏது?)

இன்னிக்குக் காலநிலை ஆய்வுக்கு வாசல்கள் இருக்கு: புனேயில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், பக்கத்திலேயே அண்ணா பல்கலைக்கழகம். மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 31,000லிருந்து 37,000 ரூபாய் ஆனது 2023 ஜனவரியில். தொகையில குறை சொல்ல மாட்டேன். குறை தேதியில. எந்த ஒரு நிறுவனம்னு இல்ல, நாடு முழுக்க ஆய்வு மாணவர்கள் மாசக்கணக்கா காத்திருந்த கதை பத்திரிகையில வந்துகிட்டே இருக்கு. வசதி உள்ளவங்க காத்திருப்பாங்க. தறி ஓடினாதான் சோறுங்கிற வீட்டுப் பொண்ணு வேற வேலை தேடிப் போயிடுவா. 2021 நவம்பர்ல பாலாறு பெருகினதைக் கரையில நின்னு பார்த்தவ அவ. அந்த வெள்ளத்தைக் கணிக்கிற மாதிரியில் எது தப்புன்னு கேட்கத் தெரிஞ்சவளும் அவதான்.

பணம் எந்தத் தேதியில வரும், தாமதமானா யார் பொறுப்பு? இந்த ரெண்டு வரியும் ஒவ்வொரு அறிவிப்பிலும் இருக்கணும்.