முத்திரைத் தொடரைத் தெரிவு செய்தல்

பழைய பொருள்களைச் சேகரிப்போர், கைக்கு வந்ததையெல்லாம் திரட்டும் ஆரம்பப் பருவத்தைக் கடந்ததும், ஏதேனும் ஒரு தொடரைத் தெரிந்தெடுத்து அதனைப் பூரணமாக்கும் முயற்சியில் இறங்குவது எத்தேசத்திலும் காணக்கூடிய வழக்கமாகும். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரரின் படம் தாங்கிய அட்டைகளைச் சேர்ப்போர் 1952இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட 407 அட்டைகளைத் தம் இலக்காகக் கொள்கிறார்கள். இலங்கையிலோ அதே ஆர்வம் நெடுங்காலமாகத் தபால் முத்திரைகளைப் பற்றியே வளர்ந்து வந்திருக்கிறது. இவ்வழக்கத்தின் குணங்களையும் குறைகளையும், திருகோணமலைச் சீனன்குடாவில் வசிக்கும் ஒரு சேகரிப்பாளனின் நோக்கில் நிதானித்து அறிவதே இக்கட்டுரையின் கருத்து.

தொடரின் தலையாய குணம் அதற்கு ஓர் எல்லை உண்டென்பது. 1935ஆம் ஆண்டு மே மாதம் முதல் வெளிவந்த ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் தொடர், இரண்டு சதம் முதல் ஒரு ரூபாய் வரை பதினொரு முத்திரைகளே கொண்டது. ரப்பர்ப் பால் எடுத்தல், சிவனொளிபாதமலை, கொழும்புத் துறைமுகம், தேயிலைக் கொழுந்து பறித்தல், தென்னை, கண்டித் தலதா மாளிகை, புராதனக் குளம், காட்டு யானை என்று விரிந்து, இறுதியில் ஒரு ரூபாய் முத்திரையில் திருகோணமலைக் காட்சியுடன் அது முடிகிறது. இவற்றுள் ஒன்றிரண்டை மட்டும் வைத்திருப்பவன் அழகிய சித்திரங்களைக் காண்பான். பதினொன்றையும் ஒருங்கே வைத்து நோக்குபவனோ, குடியேற்ற அரசாங்கம் இத்தீவை எவ்வாறு கண்டது, எதை உலகுக்குக் காட்ட விரும்பியது என்பதை உணர்வான். தோட்டப் பயிர்கள் மூன்றுக்கும் இடங்கொடுத்த அத்தொடரில், வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் மக்களின் வாழ்வோடு பிணைந்த பனைக்கு இடமில்லை. இத்தகைய இன்மைகளைப் புலப்படுத்துவது முழுத் தொடர் ஒன்றே.

ஆயினும், தொடரின் மிக அரிய உறுப்பு எதுவோ அதுவே சேகரிப்பாளனின் கதியை நிர்ணயிக்கிறது என்பது இவ்வழக்கத்தின் பெருங்குறை. டாப்ஸ் தொடரின் மிக்கி மாண்டில் அட்டையொன்று 2022இல் ஒரு கோடியே 26 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. இலங்கையில் 1857இல் தொடங்கிய பென்ஸ் முத்திரைகளுள், 1859இல் வந்த நாலு பென்ஸ் மங்கிய ரோஜா நிற முத்திரையும் அத்தகையதே. ஓரத்தில் பல் இல்லாமல் எண்கோணமாக அச்சிடப்பட்ட அம்முத்திரையைக் கத்தரியால் உருவத்தை ஒட்டி வெட்டி ஒட்டியவர் பலராதலின், நாற்புறமும் ஓரம் சேதமின்றிக் கிடைப்பது மிகவும் அரிது. சாமானிய வருமானமுடையவன் அத்தொடரில் கால்வைப்பது விவேகமாகாது.

மற்றொரு குறை நுணுக்கத்தின் மிகுதி. 1938 முதல் வந்த ஆறாம் ஜோர்ஜ் தொடர் பல்லாண்டுகள் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டமையால், இரண்டு சத முத்திரை ஒன்றே ஓரப் பற்களின் அளவில் பல பேதங்களோடு காணப்படுகிறது. விலைப்பட்டியல் அவற்றுக்குத் தனித்தனி இலக்கம் கொடுத்துவிட்டதென்பதற்காகவே அவை யாவும் தன்னிடம் இருக்கவேண்டுமெனக் கருதுவோன், பற்களை அளப்பதிலேயே ஆயுளைக் கழித்து, முத்திரை எதற்காகப் பிறந்தது என்பதை மறந்துவிடுகிறான்.

பாவிக்கப்படாத, பசை கலையாத பிரதிகளே உயர்ந்தவை என்ற அபிப்பிராயமும் நம் பிரதேசத்துக்குப் பொருந்தாது. குளிர்நாட்டு வியாபாரிகள் வகுத்த அந்நியதி, உப்புக்காற்றும் மாரிகால ஈரமும் வீட்டினுள்ளே புகும் குடாக்கரையில் நிலைப்பதில்லை. பசை இளகி முத்திரை அல்பத் தாளோடு ஒட்டிக்கொள்ள, காகிதத்தில் துருநிறப் புள்ளிகள் படர்கின்றன. பசை போய்த் தபால் நிலையத்துத் திகதிக்குறி ஏற்ற முத்திரைக்கு இவ்வாபத்து குறைவு.

எல்லாவற்றினும் கொடிய தீங்கு, அல்பத்தின் கட்டங்களை நிரப்பும் அவசரத்தில் கடித உறைகளைத் தண்ணீரில் ஊறவைத்து முத்திரையைப் பிரித்தெடுப்பது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. எண்ணெய்த் தாங்கிகள் நிரையாக நின்ற இக்கரையிலிருந்து அவ்வாண்டுகளில் வெளியூர் உறவினருக்குக் கடிதம் எழுதிய தொழிலாளரும் எழுதுவினைஞரும் ஒட்டியவை ஆறாம் ஜோர்ஜ் முத்திரைகளே. உறையோடு நிற்கும்போது அம்முத்திரை, யார் யாருக்கு எந்த நாளில் எழுதினார் என்பதையும், சிலவேளை யுத்தகாலத் தணிக்கையின் அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லும். பிரித்தெடுத்தபின் விலைப்பட்டியலின் ஓர் இலக்கமாக மட்டுமே எஞ்சும்.

ஆகவே எனது தீர்ப்பு இது. புதிதாகத் தொடங்குபவன் 1935ஆம் ஆண்டுத் தொடரைத் தெரிவது நன்று. அது அளவில் சிறியது, அரும்பொருள் ஒன்றுக்காக ஏங்கவைப்பதில்லை. ஆயின் சீனன்குடாவைச் சேர்ந்தவனுக்கு 1938ஆம் ஆண்டுத் தொடரே உரியது. பற்பேதங்களை விலக்கி, மதிப்புக்கு ஒன்றாக, பாவித்த பிரதிகளில், கூடுமானவரை இம்மாவட்டத்துத் திகதிக்குறியுடன் அதனைச் சேர்க்கவேண்டும். திருகோணமலைக் காட்சி அதிலும் ஒரு ரூபாய் முத்திரையிலேயே இடம்பெற்றிருக்கிறது. யுத்தத்துக்குச் சற்று முன் தொடங்கிச் சுதந்திரத்தையும் கடந்து வழங்கிய அத்தொடரின் காலம், இத்துறைமுகத்தின் மிகப் பெரிய மாற்றங்களின் காலமுமாகும். கண்டியில் வாழ்பவர் வேறொன்றைத் தெரிவு செய்யலாம், அதில் தவறில்லை.

பழைய டிரங்குப் பெட்டிகளில் தாத்தா காலத்துக் கடிதங்களை வைத்திருக்கும் அன்பர்கள் அவற்றைத் தண்ணீரில் இடாதிருக்க வேண்டுகிறேன். உறையைக் கத்தரிக்காமல், உள்ளிருக்கும் கடிதத்தையும் பிரிக்காமல், எழுதியவர் பெயரையும் உறவையும் தனித்தாளில் பென்சிலால் குறித்து, ஈரம் எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.