பங்குனியில் வாங்க!

பறவை பார்க்க மார்கழிதான் நல்லது என்று யாராவது சொன்னால் நம்பவே நம்பாதீர்கள். பங்குனியில் வாங்க, பங்குனியில்!

நான் காளப்பநாயக்கன்பட்டிக்காரன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போகிற கூட்டம் எங்கள் ஊர் வழியாக மேலே ஏற, நான் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எதிர்த்திசையில் தூசூர் ஏரிக்கு வண்டியை முறுக்கினேன். கரையில் கால் வைத்ததுமே நீலச்சிறகி! வலசை வந்த புதிதில் பெட்டை மாதிரி மங்கிக் கிடந்த ஆண் வாத்து, இப்போது கண்ணுக்கு மேலே பிடரி வரை விபூதிக் கீற்றாக வெள்ளைப் பட்டை போட்டு மினுக்குகிறது. முந்நூறு, நானூறு கிராம் உடம்பு, போக வேண்டியது சைபீரியா வரை, குஞ்சு பொரிப்பது அங்கேதானே! நாரையைத் தூது விட்ட சத்திமுத்தப் புலவர்கூட அது வடக்கே திரும்பும் நேரத்தில்தான் சேதி சொன்னார்.

சூரியன் சாய்ந்தது. இப்போது நீங்களும் என்னோடு நில்லுங்கள், அண்ணாந்து பாருங்கள்: முதலில் ஒரு கரும்புள்ளி, அப்புறம் புகை மாதிரி ஏதோ, அப்புறம் ஐயோ, ஆயிரக்கணக்கில் சூறைக்குருவிகள், வானமே சுருட்டி மடக்கி உதறின புடவையாகிவிட்டது, தலைக்கு மேலே திரும்பும்போது தென்னை ஓலையில் மழை விழுகிற மாதிரி ‘சோ’வென்று சிறகுச் சத்தம், ஒரு பூனைப்பருந்து குறுக்கே பாய்ந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே உருண்டையாகச் சுருங்கி, மறுபடி விரிந்து, சரேலென்று சம்புக்குள் கொட்டியது. நான் என்னை மறந்து கத்திவிட்டேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் “என்ன கண்ணு, பாம்பா?” என்று ஓடி வந்து, நான் காட்டிய பக்கம் பார்த்துத் துண்டும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். கிட்டே அமர்ந்த ஒன்றைப் பைனாகுலரில் பிடித்தேன். அடேயப்பா, அந்த ரோஸ் நிறம்! அது புதிதாக முளைத்த இறகுகூட இல்லையாம். மங்கலான இறகு ஓரங்கள் மாதக்கணக்கில் தேய்ந்து தேய்ந்து, உள்ளே ஒளிந்திருந்த ரோஸும் கருமையும் வெளியே வந்திருக்கின்றன. மத்திய ஆசியாவில் ஜோடி தேட, நம்ம ஊர் வெயிலில் மெருகேறிய அழகு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொசு கடித்தது, அதை விடுங்கள்.

சித்திரை முற்றினால் சம்புப் புதர் வெறிச்சோடிவிடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கே கரைக்கு வந்துவிடுங்கள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு.