காங்கிரீட் சாலைகளில் இணைப்பிடைவெளியும் நீண்டகாலச் செயல்திறனும்: சான்றுகள் குறித்த ஒரு மதிப்பீடு

காங்கிரீட் சாலையின் குறுக்கு இணைப்புகளுக்கு இடையிலான தொலைவை ஒற்றை எண்ணாக வரையறுக்கும் வழக்கம் பொறியியலில் வேரூன்றியுள்ளது. அவ்வழக்கிற்கான சான்றுகளின் வலிமையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பகலில் காங்கிரீட் பலகத்தின் மேற்பரப்பு சூடேற, அடிப்பரப்பு குளிர்ந்திருக்கிறது. இதனால் வளைய முற்படும் பலகத்தை அதன் எடையே தடுக்கிறது. இத்தடையால் எழும் இழுதகைவு, வண்டிச்சுமையின் தகைவோடு கூடிக் குறுக்கு விரிசலை உண்டாக்குகிறது. பலகத்தின் நீளம் ஓர் எல்லைவரை கூடுந்தோறும் இத்தகைவும் கூடுகிறது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ சாலைச் சோதனை, பிற்காலத் தடிமன் வடிவமைப்பிற்கு அடிப்படையாயிற்று. அதில் கம்பிவலையற்ற பலகங்கள் 15 அடி இடைவெளியிலும், கம்பிவலையுள்ளவை 40 அடி இடைவெளியிலும் அமைந்தன. இடைவெளியும் வலுவூட்டலும் ஒருசேர மாறியமையால், இடைவெளியின் விளைவைத் தனித்துக் காண இயலாது. மேலும், ஈராண்டுப் போக்குவரத்து நீண்டகாலச் செயல்திறனுக்குப் போதிய சான்றாகாது. அச்சோதனைவழி உருவான வடிவமைப்புச் சமன்பாட்டில் இணைப்பிடைவெளி ஒரு மாறியாக இடம்பெறவில்லை.

கலிபோர்னியச் சாலைகள் இதனினும் தெளிவான சான்றைத் தருகின்றன. அங்கு 13, 19, 18, 12 அடி என மாறிமாறி இணைப்புகள் வெட்டப்பட்டன. தடிமன், அடித்தளம், போக்குவரத்து, தட்பவெப்பம் ஆகியவை ஒத்திருந்தும், 18, 19 அடிப் பலகங்களில் விரிசல் மிகுந்தது. பின்னர் 12, 15, 13, 14 அடி என வரிசை மாற்றப்பட்டது.

எனினும் இச்சான்றையும் பிற சாலைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. வெஸ்டர்கார்டு 1926-இல் விளக்கிய சார்பு விறைப்பு ஆரத்திற்கும் பலக நீளத்திற்கும் உள்ள விகிதமே வளைவுத்தகைவை அறிய உதவுகிறது. 250 மி.மீ. தடிமனும் 30,000 மெகாபாஸ்கல் மீள்மக்குணகமும் 0.15 பாய்சான் விகிதமும் கொண்ட 4.5 மீட்டர் பலகத்தைக் கொள்வோம். அடித்தள எதிர்வினைக் குணகம் மீட்டருக்கு 50 மெகாபாஸ்கலாயின் அவ்விகிதம் 4.8, 150 ஆயின் 6.3. பலகத்தின் நீளம் மாறாதிருந்தும், வளைவைப் பொறுத்தவரை அது நீண்ட பலகமாகிவிடுகிறது. சுமைத்தகைவைக் குறைக்க இடப்படும் உறுதியான அடித்தளமே வளைவுத்தகைவைக் கூட்டுகிறது.

இடைவெளியை மேன்மேலும் குறைப்பதும் தீர்வாகாது. ஒவ்வோர் இணைப்பும் நீர் புகும் வழியாகவும் தொடர் பராமரிப்பு வேண்டும் இடமாகவும் அமைகிறது. ஆகவே கள ஆய்வுகள் இடைவெளியோடு பலகத் தடிமனையும் அடித்தள விறைப்பையும் சேர்த்துப் பதிவுசெய்தல் வேண்டும். அவையின்றி இரு சாலைகளின் விரிசல் அளவுகளை ஒப்பிட்டுப் பெறும் முடிவு, இடைவெளியைப் பற்றிய முடிவாகாது.