சோளன் யாருடைய சொத்து?

கதிரவெளி என்ற பெயரில் கதிரும் இருக்கிறது; வெளியும் இருக்கிறது. மட்டக்களப்புக்கு வடக்கே, வாகரைக்கு அப்பால், கடலோரத்தில் கிடக்கும் அவ்வூரில் இரும்புக்காலப் பெருங்கற் புதைவிடங்களும் உண்டு. காட்டோரச் சேனைகளிலோ சோளன் விளைகிறது. இம்மூன்றையும் ஒரே நூலில் கோத்து, சோளன் நம் முன்னோர் கண்ட ஆதித்தானியம் என்று முழங்குவது எளிது. மரபு விதைகளைப் பற்றி இன்று எழுதப்படும் கட்டுரைகள் பலவற்றின் போக்கும் இதுவே. அவற்றின் ஆர்வத்தைப் போற்றுகிறோம்; முடிவை ஏற்பதற்கில்லை.

சோளனின் தாயகம் மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் தியோசின்தே என்னும் காட்டுப்புல்லிலிருந்து அங்குள்ள மக்கள் அதை உருவாக்கினர் என்பதை 2002இல் வெளிவந்த மரபணு ஆய்வு வலியுறுத்தியது. 1492க்குப் பின்னரே அது கடல் கடந்து கீழைநாடுகளுக்கு வந்தது. கதிரவெளியில் பெருங்கற்களை நாட்டியவர்கள் சோளனைக் கண்டிருக்க இயலாது.

இதை மறுக்க முயன்றவர்களும் உண்டு. கர்நாடகத்தில் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த சோமநாதபுரம் கோயிற் சிற்பங்களின் கையில் இருப்பது சோளப்பொத்தியே என்று 1989இல் ஜொஹானசன், பார்க்கர் ஆகிய இருவர் வாதிட்டனர். அது சோளனன்று என்று 1993இல் பாயக், சச்சான் ஆகியோர் மறுத்தனர். முத்துகளால் ஆனதாகக் கற்பனை செய்யப்பட்ட முக்தாபலமே அது என்று கூறியவர்களும் உளர். கல்லில் தெரியும் சாயலை மட்டும் நம்பி வரலாறு எழுதலாகாது. மண்ணில் தானியம் கிடைக்க வேண்டும். 1492க்கு முற்பட்ட சோளமணி எதுவும் ஐயத்துக்கிடமின்றி இந்திய மண்ணில் கிடைக்கவில்லை.

பெயர்களும் நம்மை ஏமாற்றுகின்றன. துருக்கியர் இதனை எகிப்தின் பெயரால் அழைக்கின்றனர். இத்தாலியர் துருக்கித் தானியம் என்கின்றனர். தமிழகத்து மக்காச்சோளமோ மக்கா நகரை நினைவூட்டுகிறது. இறுங்கு என்பது தமிழில் பழைய சோளவகை ஒன்றின் பெயர். சிங்களத்தில் புதிய தானியம் 'பட இரிங்கு' ஆயிற்று. இவ்வாறு பெயரைக் கடன் கொடுத்த பழைய சோளமும் ஆப்பிரிக்காவில் பிறந்ததே! மண்ணின் மைந்தர், வந்தேறிகள் என்று மனிதரைத் தரம் பிரிப்போர் தம் உணவுத் தட்டை ஒருமுறை உற்று நோக்குவார்களாக.

அப்படியானால் 'நாட்டுச் சோளன்' என்பது பொய்யா? அன்று. பிறப்பால் அது நம்முடையதன்று; உழைப்பால் நம்முடையது. நல்ல பொத்தியைத் தெரிந்தெடுத்து, அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டு, அடுத்த மாரிக்கு விதைத்த சேனைப் பெண்ணின் கையே அதற்கு ஊரின் இயல்பைத் தந்தது. அவளுடைய பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. பால்சாஸ் உழவனின் பெயரும் எழுதப்படவில்லை. பொய்யான பழமை பேசும்போது இவ்விருவரின் உழைப்பையும் நாம் ஒருங்கே மறைத்துவிடுகிறோம்.

2006 நவம்பர் 8ஆம் நாள் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்தோர் நாற்பது பேருக்கு மேல் எறிகணை வீச்சில் மாண்டனர். எஞ்சியோர் ஊரைவிட்டு ஓடினர். அடுப்படியில் தொங்கிய விதைப்பொத்திகளை யார் சுமந்து சென்றிருக்க முடியும்? இன்று இலங்கையில் பெருமளவில் விதைக்கப்படுவது இறக்குமதியாகும் கலப்பின விதை. விளைச்சலில் பெரும்பகுதி கோழித்தீவனமாகிறது. கலப்பினத்தின் மணியை மறுமுறை விதைத்தால் முதல் விளைச்சலின் குணம் நிலைப்பதில்லை. உழவன் ஆண்டுதோறும் கடைவாசலில் நிற்கிறான். அத்துடன் சோளன் காற்றால் மகரந்தம் ஏற்கும் பயிர். அயல்நிலத்துக் கலப்பினம் நாட்டுப்பொத்தியின் இயல்பையும் மாற்றிவிடும்.

ஆகவே தோற்றத்தைத் தேடுவது பெருமைக்காக அன்று, உரிமைக்காக. விதை எவரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டில், எந்தச் சேனையில், யார் காத்தார் என்பதை மூத்தோர் வாயிலாகக் கேட்டு எழுதும் பணியை ஆசிரியர்களும் மாணவர்களும் மேற்கொள்ள வேண்டும். ஆயிரமாண்டுப் புனைகதையைவிட, மூன்று தலைமுறையின் உண்மைக் குறிப்பு உழவனுக்கு வலிமையான ஆயுதம்.