மணமும் மரபும்: ஒரு மறுப்பின் காரணங்கள்

2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் சிங்கப்பூர் நாடாளுமன்றம் இரு முடிவுகளை மேற்கொண்டது. ஆடவர் இருவரிடையே நிகழும் பாலுறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவை நீக்கியது ஒன்று. திருமணத்தை வரையறுத்துக் காக்கும் பொறுப்பு நாடாளுமன்றத்தைச் சார்ந்தது என்று அரசமைப்புச் சட்டத்தில் 156ஆம் விதியைச் சேர்த்தது மற்றொன்று. முன்னதை 93 உறுப்பினர்கள் ஆதரித்தனர், மூவர் எதிர்த்தனர். பின்னதை 85 பேர் ஆதரித்தனர், இருவர் எதிர்த்தனர், இருவர் எப்பக்கமும் சேராதிருந்தனர். ஒரு முடிச்சு அவிழ்ந்த அன்றே மற்றொரு முடிச்சு போடப்பட்டது.

குற்றத்தை நீக்க ஒப்பியவருள் பலர் மணத்தை ஒப்பவில்லை. ஏன்? இவ்வினாவை நம்மவரிடம் எழுப்பினால், “அது நம் தமிழ்ப் பண்பாடு அன்று” என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. மாணவர் கட்டுரைகளிலும் இத்தொடர் இடம்பெறுகிறது. ஆசிரியரும் அதனைத் திருத்தாமல் விட்டுவிடுகின்றனர். அவ்விடை எத்துணை வலிமையுடையது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் வந்த வழி

377ஏ பிரிவு நம் முன்னோர் வகுத்ததன்று. 1938ஆம் ஆண்டில் ஆங்கிலக் குடியேற்ற அரசு நீரிணைக் குடியேற்றங்களின் சட்டத்தில் சேர்த்தது அது. 2007இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டபோது இப்பிரிவைக் குறித்துக் கடுமையான விவாதம் எழுந்தது. பிரிவு இருக்கட்டும், ஆயினும் அரசு தானாக அதைச் செயற்படுத்தாது என்ற சமரசமே அன்று ஏற்பட்டது. 2022 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சமரசத்தை ஏற்று, அப்பிரிவைக் கொண்டு வழக்குத் தொடர இயலாது எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள் தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், பிரிவு நீக்கப்படும், திருமணத்தின் வரையறை காக்கப்படும் என இரண்டையும் சேர்த்தே அறிவித்தார்.

மணச் சட்டத்தின் வரலாறும் நீண்டதன்று. ஒருவனுக்கு ஒருத்தி என்னும் நெறியை முஸ்லிம் அல்லாதார்க்குச் சட்டமாக்கிய மாதர் சாசனம் 1961இல் வந்தது. ஒரே பாலினத்தார் செய்துகொள்ளும் மணம் செல்லாது என்னும் விதி 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தெளிவாக எழுதப்பட்டது.

எதிர்ப்பின் வகைகள்

எதிர்ப்போர் எல்லாரும் ஒரே காரணத்தால் எதிர்க்கின்றனர் எனக் கொள்வது பிழை. அவர்தம் காரணங்களை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, சமய நம்பிக்கை. மணம் இறைவன் வகுத்த ஒழுங்கு. அதை மாற்ற மனிதனுக்கு உரிமை இல்லை என்பது இவர் நிலை. இது நேர்மையான நிலை. ஆயினும் ஒரு சமயத்தாரின் நம்பிக்கை பிற சமயத்தாரையும் சமயம் இல்லாரையும் கட்டுப்படுத்துமா என்னும் வினாவுக்கு இவர் விடையிறுக்கக் கடமைப்பட்டவர்.

இரண்டாவது, மக்கட்பேறு. மணம் காதலர் இருவரின் ஒப்பந்தம் மட்டுமன்று. குழந்தையைத் தாயோடும் தந்தையோடும் பிணைக்கும் ஏற்பாடு என்பர். மகப்பேறு இல்லாத தம்பதியரும், முதுமையில் மணப்போரும் உளரே என்று வினவினால், சட்டம் பொதுவியல்பை நோக்குமேயன்றி விதிவிலக்கை நோக்காது என்பர். இவ்வாதத்தை எளிதில் தள்ள முடியாது. ஆயினும் குழந்தைகள் ஏற்கெனவே இத்தகைய இல்லங்களில் வளர்கின்றனர். 2018 டிசம்பரில் நம் உயர்நீதிமன்றம், வாடகைத் தாய்வழி வெளிநாட்டில் பிறந்த தன் மகனைத் தத்தெடுக்க ஆடவர் ஒருவருக்கு அனுமதி அளித்தது. குழந்தையின் நலனே அத்தீர்ப்புக்கு அடிப்படை. மக்களின் நலம் கருதியே எதிர்க்கிறோம் என்பவர் அம்மக்களின் நலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, விளைவுகளைப் பற்றிய அச்சம். சிங்கப்பூரில் மணம் என்பது ஓர் அச்சாணி. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு, தத்தெடுத்தல், பள்ளிப் பாடம், ஒளிபரப்பு விதி ஆகிய பலவும் அதைச் சுற்றியே சுழல்கின்றன. மணமான இளையர் வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்; மணமாகாதவர் பெரும்பாலும் 35 வயதுவரை காத்திருக்க வேண்டும். அச்சாணியை மாற்றினால் சக்கரம் முழுவதும் மாறுமே என அஞ்சுகின்றனர். இஃது உண்மையே. ஆனால் இதே உண்மை, மணம் மறுக்கப்பட்டோர் எவ்வளவு இழக்கின்றனர் என்பதையும் காட்டிவிடுகிறது.

நான்காவது, முடிவு செய்யும் உரிமை யாருடையது என்பது. மணத்தின் பொருளை நீதிபதிகள் மாற்றலாகாது. மக்களின் சார்பாளரே மாற்றலாம் என்பது இவ்வாதம். 156ஆம் விதியின் உட்கருத்தும் இதுவே. அவ்விதி மணத்தின் வரையறையை என்றென்றைக்கும் கல்லில் பொறிக்கவில்லை. வரையறையை அடிப்படை உரிமைகளின் பெயரால் நீதிமன்றத்தில் எதிர்க்க இயலாதபடி செய்தது. நாடாளுமன்றம் நாளை மாற்ற விரும்பின் மாற்றலாம். இந்திய உச்சநீதிமன்றமும் 2023 அக்டோபர் 17ஆம் நாள் ஒருபால் மணத்தை ஏற்க மறுத்து, சட்டமியற்றுவது நாடாளுமன்றத்தின் பணி என்றது. நான்கு காரணங்களுள் சமயச் சார்பு சிறிதும் இல்லாதாரும் ஏற்கத்தக்கது இதுவே. ஆனால் இது காலத்தைப் பற்றியும் வழியைப் பற்றியும் பேசுகிறதேயன்றி, ஒருபால் மணம் நன்றா தீதா என்பதைப் பற்றிப் பேசவில்லை.

மரபு போற்றுவோர் அனைவரும் எதிர்ப்பாளர் அல்லர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பிரிட்டனின் பழைமைவாதக் கட்சித் தலைவர் டேவிட் கேமரன், மணம் நல்லதோர் அமைப்பு, ஆதலின் அது எல்லார்க்கும் உரியதாகட்டும் என்னும் போக்கில் 2011இல் வாதிட்டார். 2013இல் அங்குச் சட்டம் நிறைவேறியது. அவர் கட்சியினருள் பெருந்தொகையினர் எதிர்த்தே வாக்களித்தனர். ஒரே மரபுப் பற்றிலிருந்து இரு வேறு முடிவுகள் பிறந்தன.

தமிழ் மரபு என்னும் வாதம்

இனி, நம்மவர் முதலிற் கூறும் காரணத்துக்கு வருவோம். தேக்காச் சந்தையினின்று சிராங்கூன் சாலை வழியே நடப்பவர் வீரமாகாளியம்மன் கோயிலையும், அங்குலியா பள்ளிவாசலையும், சீனிவாசப் பெருமாள் கோயிலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காண்பர். தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையும் அப்பகுதியில்தான் உள்ளது. இவ்விடங்கள் அனைத்திலும் தமிழர் மணம் செய்துகொள்கின்றனர். ஒருவர்க்கு மணம் தீவலம் வரும் சடங்கு. ஒருவர்க்குச் சாட்சிகள் முன் செய்யும் ஒப்பந்தம். மற்றொருவர்க்கு இறைவன் முன் செய்யும் உடன்படிக்கை. இவற்றுள் எதனைத் ‘தமிழ் மணம்’ என்று சுட்டுவது?

இலக்கியமும் ஒரே விடையைத் தருவதில்லை. பொய்ம்மை புகுந்த பின்னரே பெரியோர் மணச்சடங்கை ஏற்படுத்தினர் என்பது தொல்காப்பியக் கற்பியலின் கருத்து. சடங்கு தோன்றியதற்கு ஒரு காலமும் காரணமும் உண்டு என அறிந்தவர் அந்நூலார். அகநானூறு காட்டும் மணங்களில் தீ வளர்த்தலும் இல்லை, மந்திரமும் இல்லை. சிலப்பதிகாரத்திலோ கோவலனும் கண்ணகியும் தீயை வலம் வருகின்றனர். இருபதாம் நூற்றாண்டில் சுயமரியாதைத் திருமணம் எழுந்தது. சடங்கில்லா அம்மணம் செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. அண்ணா முதலமைச்சரான 1967இல் சட்டம் திருத்தப்பட்டு அம்மணம் செல்லுபடியாயிற்று. நம் நகரில் 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், கோ. சாரங்கபாணியாரின் தமிழ் முரசும் சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பின. அன்றும் “இது நம் மரபன்று” என்னும் குரல் எழாமலில்லை.

“சடங்குதானே மாறியது? ஆணும் பெண்ணும் என்னும் இணை மாறவில்லையே” என எதிர்ப்போர் வினவலாம். இது நல்ல வினா. மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டியது. தொல்காப்பியர் முதல் அண்ணா வரை எவரும் தலைவனையும் தலைவியையும் விட்டு வேறு இணையை மணம் என்று வகுக்கவில்லை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் கொண்ட நட்பை இக்காலப் பொருளில் திரித்து, சான்று கிடைத்துவிட்டது என்று கொண்டாடுவதும் புலமைக்கு அழகன்று. நட்பை நட்பாகவே படிப்போம்.

ஆயினும் அந்த ஒப்புதல் வழக்கை முடித்துவிடாது. ஒருவன் பல பெண்டிரை மணப்பதும் நெடுங்கால வழக்கமே. மாதர் சாசனம் அதை 1961இல் விலக்கியது. பழைமை அதைக் காப்பாற்றவில்லை. பெண்ணுக்கு இழைக்கப்பட்ட தீங்கே அதனை எடைபோட்டுத் தள்ளியது. ஆகவே மரபு, நேற்று என்ன இருந்தது என்பதைச் சொல்லும். நாளை என்ன இருக்க வேண்டும் என்பதைத் தானே சொல்லாது. அதற்கு வேறொரு காரணம் வேண்டும்.

‘மேலைநாட்டு இறக்குமதி’ என்னும் வாதமும் இவ்வாறே தடுமாறுகிறது. நம் மண்ணின் பண்பாடு என்று காக்க முயன்ற 377ஏ பிரிவே மேற்கிலிருந்து வந்தது. 2019இல் தைவானும், 2025 சனவரியில் தாய்லாந்தும் ஒருபால் மணத்தைச் சட்டமாக்கின. அவை மேலை நாடுகள் அல்ல.

ஆசிரியர் கடமை

ஒருபால் மணத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் மனச்சான்றைப் பொறுத்தது. இக்கட்டுரை எவரையும் ஒரு பக்கம் இழுக்க எழுந்ததன்று. ஆனால் காரணத்தை மறைத்துப் பண்பாட்டைக் கேடயமாகப் பிடிப்பது கருத்துப் போரில் நேர்மையாகாது. சமய நம்பிக்கையால் மறுப்பவர் சமயத்தின் பெயரைச் சொல்லட்டும். குழந்தைகளுக்காக மறுப்பவர் அதனையே சொல்லட்டும். சொன்ன காரணத்துக்கு வரும் மறுப்பையும் கேட்கட்டும். ஆதரிப்பவரும் எதிர்ப்போரை அறிவிலிகள் என எள்ளாமல், அவர் காரணத்துக்கு விடை கூறட்டும்.

இதில் பெரிதும் பாதிக்கப்படுபவர் யார்? முப்பது மாணவர் அமர்ந்துள்ள வகுப்பில் இத்தகைய ஈர்ப்புடைய ஒரு பிள்ளையும் இருக்கக்கூடும். வாய் திறந்து சொல்லமாட்டான். “என் சமயம் இதை ஏற்பதில்லை” என்று கேட்பின் அவன் வருந்தலாம், எனினும் வாதிடலாம். “இது தமிழ்ப் பண்பாடு அன்று” என்று கேட்பின், தான் தமிழனே அல்லன் என்றல்லவா அவன் உணர்வான்? வீட்டில் தமிழ் பேசுவோர் குறைந்துவரும் இந்நாட்டில், தமிழிலிருந்து ஒரு பிள்ளையை வெளியேற்றும் உரிமை எந்த ஆசிரியர்க்கும் இல்லை.

எனவே, மாணவன் ஏட்டில் அத்தொடரைக் காணும்போது, கருத்தைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டா. ஓரத்தில் ஒரே வினாவை எழுதுக: “உன் காரணம் யாது?” தன் காரணத்தைத் தேடிக் கண்டு தெளிவாக எழுதக் கற்ற மாணவன், நாளை எப்பக்கம் நின்றாலும் நல்ல குடிமகனாகவே நிற்பான்.