185/65 ஆர்15 என்றால் சும்மாவா!

முதலில் எழுந்திருங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். வாசலில் நிற்கிற உங்கள் காரின் டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து செல்போன் டார்ச்சை அடியுங்கள். கறுப்பு ரப்பரில் கறுப்பாகவே புடைத்துக்கொண்டு ஒரு வரி தெரிகிறதா? என் காரில் 185/65 ஆர்15 88எச் என்று இருக்கிறது. உங்களுடையதில் எண்கள் மாறும், அவ்வளவுதான். இந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிங்கில் நிற்கிற அடுத்தவர் கார் டயரையெல்லாம் குனிந்து குனிந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன், யார் என்ன நினைத்தாலும் கவலையே இல்லை!

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 மில்லிமீட்டர் இல்லை, சதவீதம்! அகலத்தில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மில்லிமீட்டர், ரிம்முக்கு மேலே டயர் எழும்பி நிற்கிற உயரம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அது மட்டும் அங்குலத்தில். 88 பாரக் குறியீடு, இந்த ஒற்றை டயர் 560 கிலோவைச் சுமக்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், வெளிப்பக்கம் காணோமென்றால் உள்பக்கம் தேடுங்கள். 2423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரம் செய்தது. இனிமேல் பழைய ஸ்டாக்கைப் புதுசு என்று யாரும் நம் தலையில் கட்ட முடியாது!

ரேடியல் என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டேனே, மனசு கேட்கவில்லை. டயருக்குள் ஓடும் இழைகள் சாய்வாக, ஒன்றுக்கொன்று குறுக்கே கிடந்த காலம் அது. அவற்றை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடவிட்டு, மேலே எஃகுப் பட்டையைச் சுற்றியது பிரான்சின் மிஷலின். 1946-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அதே 1946-ல் இங்கே திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டு பலூன் செய்ய ஒரு சின்னக் கொட்டகை போட்டார், அதுதான் எம்.ஆர்.எஃப்! அந்த மிஷலினுக்கே இன்று திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் ஆலை இருக்கிறது. சொல்லும்போதே சிலிர்க்கிறது.

இப்போது ஒரு கணக்கு, பேனா எடுங்கள். என் டயரின் மொத்த உயரம் 621.5 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 16 அங்குல அலாயில் 195/55 மாட்டினால்? 620.9! முழுசாக ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ரிம் பெரிசாகிறது, ரப்பர் ஒல்லியாகிறது, ஸ்பீடோமீட்டருக்கு விஷயமே தெரியாது. ராத்திரி பதினோரு மணிக்குக் கால்குலேட்டரில் இது வந்தபோது நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். போல்ட் ஓட்டைகளின் வட்டமும் ஆஃப்செட்டும் பொருந்தணும், அது தனிக் கதை. குழியில் கொஞ்சம் இடிக்கும், விலையும் கூடத்தான். இருக்கட்டுமே, அந்த அழகுக்கு முன்னால் அதெல்லாம் ஒரு குறையா?

பொள்ளாச்சியில் ஒரு அலைன்மென்ட் கடை. காரை ராம்ப்பில் ஏற்றி நாலு சக்கரத்திலும் கிளாம்ப் மாட்டியாயிற்று, ஸ்க்ரீனில் கேம்பர், காஸ்டர், டோ என்று எண்கள் ஓடுகின்றன. “டோ அவுட் ஆயிருக்குதுங்க தம்பி, டயரைத் தடவிப் பாருங்க” என்றார் அங்கிருந்த பெரியவர். தடவினேன். கை ஒரு பக்கமாகப் போகும்போது வழவழ, திரும்பி வரும்போது சொரசொர! மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்களின் மூக்கு உள்ளே நோக்குகிறதா வெளியே நோக்குகிறதா, அதுதான் டோ. முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை எந்தப் பக்கம் சாய்கிறது, அது கேம்பர். பெரியவர் டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி ராடைத் துளித் துளியாகத் திருப்பத் திருப்ப, சிவப்பில் இருந்த எண் நடுங்கி நடுங்கிச் சட்டென்று பச்சைக்கு வந்தது பாருங்கள், நான் கை தட்டிவிட்டேன்! அப்புறம் பேலன்சிங். 80-ல் போகும்போது இந்தச் சக்கரம் நொடிக்குப் பதினோரு முறைக்கு மேல் சுற்றுகிறது. ரிம் ஓரத்தில் வெறும் 10 கிராம் ஏற்றத்தாழ்வு இருந்தால் போதும், கிட்டத்தட்ட 1 கிலோ கனத்தோடு அது சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். அவர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிப் பொருத்திய அந்தக் குட்டி எடைக்கு எவ்வளவு வேலை!

நேரே வால்பாறை ரோடு. நினைத்துப் பாருங்கள், ஆழியாறு தாண்டியாயிற்று, மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன, கண்ணாடியை இறக்கிவிட்டால் ஈர மண் வாசனை குப்பென்று வருகிறது, முதல் வளைவுக்கு முன்னால் பிரேக்கைத் தொடுகிறேன், காரின் மூக்கு மெல்லத் தாழ்கிறது, உள்ளே ஷாக் அப்சார்பரின் ஆயில் ஊசித் துளைகள் வழியாகப் பிதுங்கி ஓடி அந்த ஆட்டத்தையெல்லாம் சூடாக மாற்றிக் கரைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஸ்டியரிங்கை ஒடிக்கிறேன், பாடி வெளிப்பக்கம் சாயப் பார்க்கிறது, அடியில் ஆன்டி ரோல் பார் முறுக்கிக்கொண்டு “சாயாதே” என்று இழுத்துப் பிடிக்கிறது, அந்த 120 மில்லிமீட்டர் பக்கச்சுவர் நெளிந்து கொடுக்கிறது, நாலு உள்ளங்கை அகல ரப்பர்தான் மொத்தக் காரையும் மலையோடு பிடித்து வைத்திருக்கிறது, வளைவு முடிந்து பிடியைத் தளர்த்துகிறேன், ஐயோ, ஸ்டியரிங் வீல் தானாகவே விரல்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு நேராக வருகிறது! “காஸ்டர்!” என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த மனைவி திடுக்கிட்டு “யாருங்க?” என்றார். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிறதே, அதனால்தானே கையை விட்டும் ஓட்ட முடிகிறது, அதே சாய்வுதான் காரில் காஸ்டர் என்று அடுத்த வளைவு வரும்வரை மூச்சு விடாமல் விளக்கினேன்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். கீழே ஆழியாறு அணை, பாறையில் வரையாடுகள். எல்லாரும் வரையாட்டைப் படம் பிடித்தார்கள், நான் முன்சக்கரத்தை முழுசாக ஒடித்து வைத்துவிட்டு உள்ளே இருந்த மாக்ஃபர்சன் ஸ்ட்ரட்டைப் படம் பிடித்தேன். எர்ல் மாக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் யோசித்தது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து ஒரே தூண், கீழே ஒரு லோயர் ஆர்ம், முடிந்தது கதை! இடம் மிச்சம், செலவு மிச்சம், அதனால்தான் நம்மூர்ச் சின்னக் கார்களின் முன்பக்கத்தில் பெரும்பாலும் இதுவே உட்கார்ந்திருக்கிறது. சேறு படிந்த அந்தச் சுருளை என்ன அழகு, என்ன அழகு என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் இன்னோவா கிரிஸ்டா வைத்திருக்கிறார். அதன் முன்பக்கம் டபுள் விஷ்போன், மேலே ஒரு கை, கீழே ஒரு கை! ஞாயிற்றுக்கிழமை அலைன்மென்டுக்கு எடுத்துப் போகிறாராம். “அண்ணா, ராம்ப்பில் ஏற்றும்போது நானும் அடியில் வந்து பார்க்கணும்” என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.